பாறைமேட்டுச் சீத்தா

வைகாசி வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மாதம்மாள் சீத்தாச் செடிகளுக்கிடையே குனிந்து நின்றாள். விரிந்த பூவின் மகரந்தத்தைப் புட்டியில் தட்டி எடுத்து, பாதி திறந்த பூவின் தடித்த இதழை நகத்தால் விலக்கி, பிரஷ்ஷால் உள்ளே தடவ வேண்டும். வெயில் சுட்டுவிட்டால் காய் பிடிக்காது. பத்து வருடமாகக் குனிந்ததில் இடுப்பு நிமிர மறந்திருந்தது.

புதூர்நாட்டு மலைச் சரிவிலிருந்த அந்தப் பண்ணை தனசேகரனுடையது. விதை குறைந்து சதை நிறைந்த புது ரகம் ஒன்றை அங்கே உருவாக்கியிருந்தார்கள். அதன் தாய்மரம் மாதம்மாளின் பாறைமேட்டுக் கொல்லையில் நின்றது. ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒட்டுக் கட்ட அதில் குச்சி வெட்டிப் போனார்கள். அதை வேறு ரகத்தோடு கலந்ததில் வந்த எண்ணூறு செடிகளையும் ஆறு வருடம் காய்க்கக் காய்க்கத் தின்று பார்த்து, நல்லதைப் பொறுக்கிக் காட்டியவர்கள் அவளும், கூட வேலை செய்த குணசீலனும். போன மாதம் அந்த ரகம் தனசேகரன் பெயரில் பதிவுக்குப் போனது. அன்றிலிருந்து குச்சியோ விதையோ வெளியே போகாதபடி பண்ணை வாசலில் பெண்களின் முந்தானையையும் உதறிப் பார்த்தார்கள்.

குணசீலனின் மனைவி அருணா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, அவர போலீஸ் ஜீப்புல இஸ்துகினு போய்ட்டாங்க! எங்க கொல்லையில ஒட்டு கட்டின நாலு செடியையும் வெட்டிட்டாங்க!"

பெண்கள் கூடினார்கள். தனசேகரன் காரிலிருந்து இறங்கினார்.

"இன்னா கும்பலு? பூ வாடுதில்ல?"

"குணசீலன எதுக்கு சார் புடிச்சிக் குடுத்தீங்க?" என்றாள் மாதம்மாள்.

"என் குச்சிய திருடினான்."

"கவாத்துல வெட்டி குப்பையில போட்ட குச்சி சார் அது."

"குப்பையில கெடந்தாலும் என் ரகம். பேட்டன்ட் என் பேர்ல வரப்போவுது."

"அதோட தாய் எங்க கொல்லையில நிக்குதே. அது யாரு பேர்ல சார் மொளச்சிது?"

"அந்த மரத்துல நீ ஒட்டு கட்டி வித்துப் பாரு. ஸ்டேஷன்ல அவன் பக்கத்துலயே உன்னையும் ஒக்கார வைக்கிறேன்."

தனசேகரன் சொன்னதைச் செய்கிற ஆள்தான். ஆனால் அருணா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகரந்தப் புட்டியைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். வேலைக்கு வந்திருந்த இருபத்திரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

"பக்கத்து ஊரு நெல்லிவாசல்ல ஆளுங்களுக்கா பஞ்சம்?" என்று போனை எடுத்தார் தனசேகரன்.

வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவது வரை படித்த அருணா, நோட்டுத்தாளில் பதிவு அலுவலகத்துக்கு ஆட்சேபணை எழுதினாள்: தாய்மரம் எங்களுடையது, ரகத்தைப் பொறுக்கியது நாங்கள், எங்களைக் கேட்காமல் பதியக் கூடாது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து ஒரு சேதியும் இல்லை. உள்ளே பூக்கள் வாடிக் கருகிக்கொண்டிருந்தன.

ஒன்பது மணிக்கு நெல்லிவாசல் ஆட்களை ஏற்றிய ஜீப் புழுதியோடு வந்து நின்றது. முதலில் இறங்கிய மாணிக்கம்மாள் தயங்கினாள்.

"இன்னாக்கா, வழில குந்திகினு இருக்கீங்க?"

மாதம்மாள் நடந்ததைச் சொன்னாள். மாணிக்கம்மாள் வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"போன வாரம் எங்க நெல்லி மரத்துலயும் இவங்கதான் குச்சி வெட்டிகினு போனாங்க."

"சீக்கிரம் உள்ள வாங்கம்மா!" வாசலுக்குள்ளிருந்து தனசேகரன் கத்தினார்.

மாணிக்கம்மாள் ஜீப்பிலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மீதிப் பதினோரு பேரும் இறங்கினார்கள். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து, அருணாவிடம் கையை நீட்டினாள்.

"அந்தத் தாள இப்படிக் குடும்மா."