பூ பார்க்கும் பக்கம்

ஜெர்பராப் பாத்திகளுக்கு நடுவே ஈரமண்ணில் முழங்காலிட்டு, நாகலெட்சுமி போனை மண்ணை ஒட்டித் தாழ்த்திப் பிடித்திருந்தாள். எதிரே ஒரே ஒரு செம்மஞ்சள் பூ. பட்டிப்பொலவில் சூரியன் தலை காட்டுவதற்கு முன்பே பனிமூட்டம் வெளுத்துவிடும். அந்த வெளுப்பு பொலித்தீன் கூரை வழியாக உள்ளே இறங்கும்போது எதன் மேலும் கடுமையான நிழல் விழாது. இதழ்களின் மேல் ஓடும் மெல்லிய கோடுகள்கூடத் தெரியும். பூவின் இருண்ட பக்கத்தில், பிரித்து விரித்த வெள்ளை உரப்பை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். பையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து பூவின் அடிப்பாகத்தைத் தொட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தடவை அழுத்தினாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து இன்னொரு தடவை அழுத்தினாள்.

இரண்டில் நல்லதைத் தேர்ந்து மகளுக்கு அனுப்பினாள். படத்தின் கீழே சாம்பல் நிறத்தில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்றைய லில்லி, முந்தாநாள் கார்னேஷன், அதற்கு முந்திய ஹைட்ரேஞ்சியாக் கொத்து. எல்லாவற்றுக்கும் கீழே அதே ஒற்றைச் சரி. குவைத்தில் எங்கோ ஒரு வீட்டில் அந்த போன் அணைந்து கிடந்தது.

இந்தப் பூத்தோட்டத்தில் முதலில் வேலைக்கு வந்தவள் மகள் ஜீவராணிதான். பூ வெட்டி அடுக்கும் வேலைக்கு வந்தவளிடம், பேஸ்புக்கில் போடப் படம் எடுக்கும் வேலையையும் முதலாளி கொடுத்தார். கொழும்புக் கடைக்காரர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பூ சொல்லி அனுப்புவார்கள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடுத்ததை எல்லாம் அழித்து அழித்துத் தானாகவே படித்துக்கொண்டாள். பிறகு அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. அதிகாரிகள் வந்து, இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சுவரில் சிவப்புப் பெயின்றால் எழுதிவிட்டுப் போனார்கள். எங்கே இருப்பது என்று எழுதவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்து, மழை விட்டதும் திரும்பி வந்தார்கள். "நான் போய்ட்டு வந்து ஒரு வீடு கட்டிர்றேம்மா" என்று ஜீவராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கிளம்பும்முன் அம்மாவைத் தன்னுடைய வேலையில் சேர்த்துவிட்டாள். இதே பாத்தியில் உட்கார்த்திவைத்து போனைக் கையில் கொடுத்தாள்.

"பூவ நட்டநடுவுல வைக்காதம்மா. அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு மொதல்ல பாரு. அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் விடு. அதுவும் மூச்சு விடணும்ல?"

"பூவு என்னாத்த பாக்கப்போவுது?"

"பாக்கும். நீ நல்லாப் பாரு, அதுவும் பாக்கும். அப்புறம் இந்த பிளாஷ் மட்டும் போட்டுறாத. மூஞ்சில டோர்ச் அடிச்ச மாதிரி செத்துப்போயிரும்."

குவைத் வீட்டில் பேச விடவில்லை. வீட்டுக்கார மேடம் பக்கத்தில் நின்று கேட்பாளாம், என்ன பேசினாய் என்று துருவுவாளாம். பூப்படத்தை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதனால் தாயும் மகளும் பூவிலேயே பேசிக்கொண்டார்கள். காலையில் ஒரு படம் போகும். சாயந்தரத்துக்குள் அவள் பார்த்ததாக நீலச் சரி விழும். 'இன்னும் கீழ இறங்கும்மா.' 'பின்னால வாளி தெரியுது பாரு.' 'இது நல்லாருக்கு.' அந்த ஒரு வரிக்காக நாகலெட்சுமி நாள் முழுக்கக் காத்திருப்பாள். போகப் போக வரிகள் குறைந்தன. பிறகு ஒரு இதயப் படம் மட்டும். ஒருநாள், 'காலு ரெண்டும் வீங்கியிருக்கு, அப்பாட்ட சொல்லாத' என்று வந்தது. அவள் படிக்கப் படிக்கவே அது அழிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் இந்த ஒற்றைச் சரிகள்.

அவளை அனுப்பிவைத்த ஹட்டன் ஏஜென்சிக்காரன், "போன் ஒடஞ்சிருக்கும், புள்ள சொகமாத்தான் இருக்கா" என்றான். அடுத்த தடவை போனபோது கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் கையை விரித்தார்.

நாகலெட்சுமிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் நல்ல படமாக அனுப்பினால் அவள் எப்படியாவது பார்த்துவிடுவாள் என்று ஓர் எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் விடமுடியவில்லை. மழைத்துளி காயும்முன் ஓடினாள். மொட்டு அவிழும் நேரத்துக்குக் காத்துக் கிடந்தாள். ஒருநாள் வெள்ளை லில்லி ஒன்று விரிந்து நின்றது. கூடாரத்தின் பழைய பொலித்தீன் மங்கி, அந்த மூலையில் வெளிச்சம் செத்திருந்தது. பூ வெட்டும் கத்தியை எடுத்துக் கூரையை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தாள். வெயில் ஒரு கற்றையாக இறங்கி லில்லியின் உள்ளே விழுந்தது. இதழ் முழுக்க உள்ளிருந்து விளக்கேற்றியது போலானது. அவள் எடுத்ததிலேயே அதுதான் ஆகச் சிறந்த படம். அனுப்பினாள். ஒற்றைச் சரி.

மேற்பார்வைக்காரர் கஜேந்திரன் கிழிசலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். இடையில் நாலு நாள் அடித்த காற்றிலும் மழையிலும் அது இன்னும் பெரிதாகி, ஒரு பாத்தி பூ முழுக்க அழுகிப்போயிருந்தது.

"என்னாக்கா இது? மொதலாளிக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"வெளிச்சம் பத்தல தம்பி."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படத்தான் வந்திருந்தார். "வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாளு இருங்கக்கா. நான் சொல்லி அனுப்புறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, அவள் விறகு கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது, வழக்கம்போல மடியில் இருந்த போனைத் தேடிக் கை போனது. சுமையைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தாள். சாம்பல் சரிகள் எல்லாம் ஒவ்வொன்றாக இரட்டையாகி நீலமாகிக்கொண்டிருந்தன. ஜெர்பரா, லில்லி, கார்னேஷன் எல்லாம் நீலம். அவள் விறகுக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படம் வந்து விழுந்தது. பூ. சிவப்பு ரோஜா.

புருசன் ஆண்டியப்பன் வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். போனை நீட்டினாள். அவர் பார்த்தார். கண்களைச் சுருக்கி மறுபடியும் பார்த்தார். அப்புறம் "மாரியாத்தா!" என்று கத்தியபடி லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஓடினார். "புள்ள போட்டோ அனுப்பிருக்கு! பூ அனுப்பிருக்கு!" வரிசையாக இருந்த ஒற்றையறைக் காம்பராக்களுக்குள் இருந்து பெண்கள் கை ஈரத்தோடு வெளியே வந்தார்கள். அடுத்த வீட்டு அழகம்மா நாகலெட்சுமியைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆண்டியப்பன் கோயிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்தார்.

போன் கைக்குத் திரும்பி வந்தபிறகுதான் நாகலெட்சுமி படத்தை நின்று பார்த்தாள். பிளாஸ்டிக் ரோஜா. கண்ணாடி மேசையில் பூச்சாடி. ரோஜா நட்டநடுவே இருந்தது. நான்கு பக்கமும் அளந்து வைத்தது போல. இதழ்களின் மேல் பிளாஷ் வெளிச்சம் அறைந்து, ஒரு பக்கம் வெள்ளையாகவே வெந்திருந்தது. மேசைக் கண்ணாடியிலும் அதே வெளிச்சம் ஒரு பொட்டாக எரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள்.

நம்பருக்கு அடித்தாள். இரண்டு தடவை மணி போய் வெட்டுப்பட்டது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் வெட்டுப்பட்டது.

"இந்தாங்க. இத எடுத்தது நம்ம புள்ள இல்லீங்க" என்றாள்.

ஆண்டியப்பன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னாடி சொல்ற?"

"நடுவுல வச்சிருக்கு பாருங்க. பிளாஷ் போட்டிருக்கு. அவ இப்பிடி எடுக்கவே மாட்டா. போனு வேற யாரு கையிலயோ இருக்கு."

அவர் முகத்தில் இருந்த ஒளி போன விதத்தைப் பார்க்கமுடியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவசரத்துல எடுத்திருப்பா."

"தூக்கத்துல எடுத்தாலும் இப்பிடி எடுக்கமாட்டா."

"பூவ நடுவுல வச்சதுக்காகப் புள்ளைய சாகடிக்கிறியா நீ?" ஆண்டியப்பனின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "இன்னைக்கி ஒரு நாளு... இந்த ஒரு நாளு என்னைய நிம்மதியா இருக்க விடக்கூடாதா?"

பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். அவர் வெளியே போய், சரிந்த மண்ணைப் பார்த்தபடி நின்றார். நாகலெட்சுமி அடுப்பை ஊதினாள். தான் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும், தன் புருசன் சொன்னபடியே இருக்கவேண்டும், மகள் தான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் தானே மறந்துபோயிருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டினாள். இப்படி ஒரு வேண்டுதலை அவள் அதுவரை வேண்டியதில்லை.

விடிந்ததும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கும் அலுவலகம் கண்டியில் இருப்பதாக அழகம்மா சொல்லியிருந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் ஆண்டியப்பன் ஓடிவந்து ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்தார். நுவரெலியாவில் இறங்கி வேறு பஸ் மாறினார்கள். றம்பொடை இறக்கத்தில் கொத்மலை அணைத் தண்ணீர் கீழே விரிந்து கிடந்தபோது அவர் சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நெசமாவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கண்டி வரும்வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கலியாணம் கட்டிய புதிதில்கூட நாலு பேர் பார்க்க அவர் அப்படிப் பிடித்ததில்லை.

அலுவலகத்தில் காத்திருந்து காத்திருந்து பகல் சாப்பாட்டு நேரமும் கழிந்தது. கடைசியில் அவர்களை உள்ளே கூப்பிட்ட அதிகாரி செல்வமலர் யாழ்ப்பாணத்துப் பெண். நரை விழுந்த தலை, மூக்குக் கண்ணாடி. குவைத்தில் தூதரக வேலையில் சில வருடம் இருந்தவர் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

"இருங்கோ ரெண்டு பேரும். எப்ப இருந்து பிள்ளை கதைக்கேல்லை?"

ஆண்டியப்பன் சொன்னார். கால் வீக்கத்தைப் பற்றி நாகலெட்சுமி சொன்னாள். ஆண்டியப்பன் சட்டென்று மனைவியின் பக்கம் திரும்பினார். அவருக்கு அது புதிது.

"இப்ப படம் ஒண்டு வந்திருக்கெண்டு சொல்லுறியள். அப்ப பிள்ளை நல்லா இருக்கிறா எண்டுதானே அர்த்தம்?"

நாகலெட்சுமி போனை மேசைமேல் வைத்தாள். மகள் இங்கே இருந்தபோது எடுத்த படங்களைக் காட்டினாள். பனியில் நனைந்த ஒற்றை கார்னேஷன், ஓரமாக. சுவரைப் பார்த்துத் திரும்பிய லில்லி, அதற்கு முன்னால் வெறும் வெளிச்சம். கடைசியாகப் பிளாஸ்டிக் ரோஜாவைக் காட்டினாள். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"இது அவ பாத்த பூவு இல்லீங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

செல்வமலர் நம்பினாரோ இல்லையோ தெரியாது. "உங்கட போனிலை இருந்தே எடுத்துப் பாப்பம்" என்று நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

மணி போனது. நாகலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

சின்னக் குரல். ஒரு குழந்தை. பெண்குழந்தை.

செல்வமலர் முன்னால் குனிந்து அரபில் மெதுவாக ஏதோ கேட்டார். குழந்தை சிரித்தது. பிறகு நிறையப் பேசியது. 'ராணி' என்ற சொல் மட்டும் நாகலெட்சுமிக்குப் பிடிபட்டது. ஆண்டியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இந்தக் குழந்தைதான் அந்தப் பூப்படம் எடுத்ததாம்" என்றார் செல்வமலர். "தாய் கடைக்குப் போயிட்டாவாம்."

"எம்புள்ள? எம்புள்ள எங்கன்னு கேளுங்க."

செல்வமலர் கேட்டார். பதில் ஒரே சொல்லில் வந்தது. அவர் கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

"நித்திரையாம்."

சுவர்க் கடிகாரத்தை மூவரும் பார்த்தார்கள். அங்கே இப்போது மத்தியானமாகிக்கொண்டிருக்கும். வேலைக்காரப் பெண்ணை யார் வீட்டில் மத்தியானத்தில் தூங்க விடுவார்கள் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கவேண்டும்.

"எழுப்பச் சொல்லுங்க மேடம்" என்றாள் நாகலெட்சுமி. "அவ சத்தங்கேட்டா முழிச்சுக்குவா. சின்னதுலேருந்து அப்பிடித்தான். எழுப்பச் சொல்லுங்க."

செல்வமலர் குழந்தையிடம் கெஞ்சும் குரலில் பேசினார். சரி என்றது போல ஒரு சத்தம். போன் எங்கோ உரசியது. பிறகு பளிங்குத் தரையில் வெறுங்காலோடு ஓடும் சின்னஞ்சிறு அடிகள் கேட்டன. நீண்ட வீடாக இருக்கவேண்டும். அடிகள் போய்க்கொண்டே இருந்தன. படிகளில் இறங்கின. நின்றன.

நாகலெட்சுமி மேசையில் கன்னத்தை வைத்துக் காதைப் போனோடு ஒட்டிக்கொண்டாள். ஆண்டியப்பனின் கை அவள் முதுகில் கிடந்தது. அந்தப் பக்கம் குழந்தை தன் உள்ளங்கையால் ஒரு கதவைத் தட்டியது. "ராணி" என்று கூப்பிட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னும் பலமாகத் தட்டியது.

"ராணி... ராணி..."