முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ச் சவரம்

முப்பத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். ரிஸ்கான் பாலசிங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய காசு அது. ரிஸ்கானின் கடையைக் கட்டிய பன்னிரண்டு நாள் கூலி, நாளுக்கு மூவாயிரத்து இருநூற்றைம்பது. கடைக் கதவுக்குப் பூட்டும் பிணைச்சலும் பாலசிங்கம் தன் கைக்காசில் வாங்கியது இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது. அதில் முதல்நாள் வாங்கிய அட்வான்ஸ் மூவாயிரத்தைக் கழித்துப் பாருங்கள், கணக்கு வரும்.

இந்தக் கணக்கை ரிஸ்கான் ஒருநாளும் மறுத்ததில்லை. மறுக்கிற ஆளென்றால் சண்டை பிடிக்கலாம். இவன் ஒவ்வொரு முறையும் ஒத்துக்கொள்வான். "ஓம் அண்ணை, உங்கட காசு பத்திரமா இருக்கு" என்பான். பத்திரமாகத்தான் இருந்தது. பதினொரு மாதமாக ஒருத்தரும் அதைத் தொடவில்லை, பாலசிங்கம் உட்பட.

கட்டாரிலிருந்து திரும்பி வருகிறவர்கள் மன்னாரில் கோழிக்கடை போடுவார்கள், போன் கடை போடுவார்கள். ரிஸ்கான் முகம் மழிக்கிற கடை போட்டான். சலூன் என்று நினைத்துவிடக் கூடாது. சலூனில் ஐந்நூறு ரூபாயோடு வேலை முடிந்துவிடும், பேப்பரும் சும்மா வாசிக்கலாம். இங்கே உங்கள் முகத்தை நீங்களே மழிப்பதற்கான சாமானைப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு, மழிப்பதற்கு வீட்டுக்குப் போகவேண்டும். அந்தக் காலத்து மாதிரியில் கனமான ஒரு சவரக் கருவி, இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேட், மரப்பெட்டிக்குள் வட்டமான சவர்க்காரம், ஒரு கிண்ணம், ஒரு பிறஷ். கொழும்பிலிருந்து ஆட்கள் போனில் பார்த்து ஓடர் கொடுத்தார்கள். ரிஸ்கானின் மனைவி நுஸ்ரியா பொதி கட்டி கூரியரில் அனுப்பினாள்.

அதே மாதிரிக் கருவி ஒன்று பாலசிங்கத்தின் வீட்டுக் கிணற்றடியில் தகர டப்பாவுக்குள் கிடந்தது. மடுத் திருவிழாக் கடையில் முப்பது வருசத்துக்கு முன்பு வாங்கியது. அதை வைத்திருப்பதற்காக யாரும் அவரைக் கனவான் என்று சொன்னதில்லை. வேறு வாங்க வழியில்லாத மனிசன் என்றுதான் சொன்னார்கள்.

கடை கட்டுவதற்கு முதல் போட்டவர் நுஸ்ரியாவின் வாப்பா, ரிஸ்கானின் மாமனார் ஹுசைன் ஹாஜியார். சீமெந்து, கல், மேசன் கூலி, கையாள் கூலி எல்லாவற்றுக்கும் எண்ணிக் கொடுத்தவர் அவர். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அந்த மனிசன் நம்பிக்கொண்டிருந்தார். சீமெந்துக் காசு சீமெந்துக்குப் போனது. பாலசிங்கத்தின் காசு பிறஷ்களாக மாறிக் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நின்றது.

அந்தப் புதன்கிழமை பாலசிங்கம் முருங்கனில் பஸ் ஏறும்போது ஒரு முடிவோடுதான் ஏறினார். முதல் மழை விழுந்துவிட்டது. இன்னொரு மழைக்கு முன்பு உழுது புழுதியில் விதைக்கவேண்டும். பிந்தினால் வயல் சேறாகிவிடும், அந்தப் போகம் அவ்வளவுதான். உழவு மெசின் வைத்திருக்கும் நிரூபன் நேற்றே சொல்லிவிட்டான்: "ஐயா, ரெண்டு ஏக்கருக்கும் முப்பதாயிரம் இண்டைக்கோ நாளைக்கோ வரவேணும். இல்லாட்டி மெசின் முசலிக்குப் போகுது." மிச்சக் காசில் விதைநெல். பாலசிங்கத்திடம் வேறு காசு கிடையாது. போகம் முழுவதும் ரிஸ்கானின் அலுமாரிக்குள் நின்றது.

பஸ்ஸில் நின்றபடியே கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதியைக் கடந்து மன்னாரில் வந்து இறங்கினார். கடை வாசலில் இரண்டு கழுதைகள் நிழலுக்குப் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றி உள்ளே போனார்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. உங்களைத்தான் நினைச்சனான்" என்றான் ரிஸ்கான்.

"என்னை நினைச்சனீங்களோ, காசை நினைச்சனீங்களோ?"

"ரெண்டையும்தான்."

"நான் வந்திட்டன். மற்றதையும் வரச்சொல்லுங்கோ."

மேசைக்குப் பின்னால் பொதி கட்டிக்கொண்டிருந்த நுஸ்ரியா சிரிப்பை அடக்கக் கீழே குனிந்தாள். ரிஸ்கான் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஒரு தானம் கொடுக்கப் போகிற பெருமை வந்திருந்தது.

"அண்ணை, காசு முழுக்கச் சாமானில முடங்கிக் கிடக்கு. அதாலதான் ஒரு யோசினை வைச்சிருக்கிறன். உங்களுக்கு ரெண்டு செற் தாறன். ரெண்டும் சேர்ந்து முப்பத்தொன்பதாயிரம். கணக்குப் பாத்தா நீங்கள்தான் எனக்கு அறுநூற்றைம்பது தரவேணும். அதை விடுங்கோ, நான் கேக்கமாட்டன்."

பன்னிரண்டு நாள் கல் சுமந்து, பதினொரு மாதம் பஸ் ஏறி இறங்கி, கடைசியில் பாலசிங்கம் கடன் மன்னிக்கப்பட்ட மனிதராகிவிட்டார்.

"தம்பி, மெசின்காரப் பெடியனுக்கு நான் சோப்பைக் குடுக்கிறதோ?"

"அவருக்கும் தாடி வளருந்தானே அண்ணை."

"வளரும். ஆனா மெசின் டீசலிலதான் ஓடும். நுரையில ஓடாது."

"உங்களுக்கு இதின்ர பெறுமதி தெரியேல்ல. அதுதான் பிரச்சினை. இதில இருங்கோ, நான் காட்டுறன். வீடியோவும் எடுத்த மாதிரி இருக்கும். உங்கட முகமும் அதுக்கு நல்ல முகம், நாலு நாள் வெட்டாத முகம்."

தோல் வைத்துத் தைத்த கதிரை அது. பாலசிங்கம் இருந்தார். காசு தராமல் எழும்புவதில்லை என்று நினைத்து வந்தவருக்கு எழும்ப மனம் வராத கதிரை கிடைத்தால் வேண்டாமென்பாரா? ரிஸ்கான் வட்ட விளக்கைப் போட்டான். நுஸ்ரியா போனைப் பிடித்தாள். ரிஸ்கானின் குரல் உடனே மாறியது. மன்னாரில் பிறந்த குரல் போய், விளம்பரத்தில் பிறந்த குரல் வந்தது.

"முகத்தை அவசரப்படுத்தக் கூடாது. சூடான தண்ணீர், நல்ல சவர்க்காரம், பொறுமை. இந்த மூன்றும்தான் ஒரு கனவானின் காலை."

பொறுமை பாலசிங்கத்திடம் பதினொரு மாதக் கையிருப்பு இருந்தது. மற்ற இரண்டுக்கும்தான் வழியில்லாமல் இருந்தது.

புதுப் பிறஷ் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்தான். பிறகு சவர்க்காரத்தில் சுழற்றினான். நுரை கிண்ணத்தை நிறைத்தது. கன்னத்தில் படும்போது இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முதலில் சந்தன மணம் வந்தது. அதன் அடியிலிருந்து மெல்ல இன்னொரு மணம் எழும்பி வந்தது.

பாலசிங்கம் மூக்கைச் சுருக்கினார். இந்த மணம் அவருக்குத் தெரியும். வயலைக் கிண்டுகிற பன்றி கம்பியில் மாட்டினால், பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து கொதிதண்ணீர் ஊற்றி முடி சுரண்டுகிறவர் அவர். சூட்டில் நனைந்த அந்த முடியின் வாடை சட்டையிலிருந்து போக இரண்டு நாள் எடுக்கும். கண்ணை இறக்கிப் பிறஷைப் பார்த்தார். ஒவ்வொரு முடியும் நுனியில் இரண்டாக, மூன்றாகப் பிரிந்திருந்தது. சந்தேகமேயில்லை.

ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு நுரை போகிற நேரம் பாலசிங்கம் பேசாமல் இருந்தார். சொன்னால் இவன் பதறிக் கடையைப் பூட்டிவிட்டு ஓடுவான், காசு இன்னும் பதினொரு மாதம் தள்ளிப்போகும். சொல்லாவிட்டால் இவன் நாளைக்கும் சுபஹ் தொழுகைக்கு முன்னால் இதையே முகத்தில் தேய்த்துக்கொண்டு போவான். வயலா, வாயா என்று பார்த்தால் வயல்தான் பெரிது. ஆனாலும் எதிரில் நிற்கிறவன் தொழுகிறவன். கூலி தராத தொழுகைக்காரன்தான், என்றாலும் தொழுகிறவன்.

"தம்பி, கையை எடுங்கோ."

"ஏன் அண்ணை, எரியுதோ?"

"இது பண்டி முடி."

ரிஸ்கானின் கை நின்றது. "என்ன சொல்றீங்கள்?"

"காட்டுப் பண்டியோ வளக்கிற பண்டியோ தெரியாது. பண்டிதான்."

"அண்ணை, இது இத்தாலிச் சாமான்."

"இத்தாலியில பண்டி இல்லையோ?"

"பெட்டியில இயற்கை முடி எண்டுதான் போட்டிருக்கு."

"பண்டியும் இயற்கையாப் பிறக்கிற சாமான்தான், தம்பி."

நுஸ்ரியா வீடியோவை நிறுத்தினாள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனில் அந்தக் கம்பனியின் பக்கத்தைத் திறந்து, ஒருத்தரும் வாசிக்காத கீழ்ப்பகுதிக்குத் தள்ளிக்கொண்டே போனாள். வாசித்தாள். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"ஓம்" என்றாள். "சின்ன எழுத்தில போட்டிருக்கு."

"ஆட்டு முடி எண்டு நினைச்சன்" என்றான் ரிஸ்கான்.

"ஒருக்காக் கேட்டிருக்கலாம். மணக்குது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். தரமான முடியின்ர மணம் எண்டு எனக்குப் படிப்பிச்சனீங்கள்."

ரிஸ்கான் தன் வலது கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றான், அது யாரோ கடை வாசலில் விட்டுப்போன கை என்பதுபோல. நுரை நிலத்தில் சொட்டியது.

"வாப்பாக்கும் ஒண்டு குடுத்தனீங்கள்" என்றாள் நுஸ்ரியா. "பிடியில பேர் வெட்டி."

ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் நேரே கடைக்கு வந்து, முதல் போட்டவர் என்ற உரிமையோடு ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவது அவருடைய வழக்கம். சுவரில் மணி பதினொன்றே முக்கால்.

"இது பட்டா ஏழு தரம் கழுவவேணும். அதில ஒருக்கா மண் கலந்து" என்றாள் நுஸ்ரியா. "முகம், கை, கிண்ணம், நிலம் எல்லாம். நல்ல மண் நான் அள்ளிக்கொண்டு வாறன். வீட்டில இருக்கிறதையும் நான் பாக்கிறன். முதல்ல அலுமாரியில நிக்கிறதெல்லாம் இஞ்சயிருந்து போகவேணும்."

அறுபத்திரண்டு பிறஷ் நின்றது. ரிஸ்கான் அலுமாரியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கடைசியில் பாலசிங்கத்தைப் பார்த்தான். பதினொரு மாதத்தில் அவன் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அண்ணை, இதை நீங்கள்தான் தூக்கித் தரவேணும்."

"தூக்கலாம், கூலி வேலைதானே. கூலி எப்ப தருவீங்கள்?"

"இண்டைக்கே தாறன் அண்ணை."

"கடை கட்டேக்கையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

பாலசிங்கம் எழும்பி ஒரு சாக்கை எடுத்தார். அறுபத்திரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டார், ஊறவைத்ததையும் சேர்த்து அறுபத்து மூன்று. சாக்கின் வாயைக் கட்டினார். பிறகு சாக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு மறுபடி கதிரையில் இருந்தார். முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அவர் துடைக்கவில்லை.

"அண்ணை, ஏன் இருந்திட்டீங்கள்? போகலாமே."

"அவசரமில்லைத் தம்பி. முகத்தை அவசரப்படுத்தக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னது."

"மாமா வந்திடுவார் அண்ணை."

"வரட்டும். நல்ல மனிசன். கண்டு கனகாலம்."

"கையில காசில்லை அண்ணை. உண்மையாச் சொல்றன்."

மண் வாளியோடு உள்ளே வந்த நுஸ்ரியா அதைக் கேட்டாள். வாளியை வைத்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து மண்ணிற என்வலப் ஒன்றை எடுத்தாள். தடிப்பான என்வலப்.

"அப்ப இது என்ன?"

"அது கொழும்பு ஏஜென்டுக்கு நாளைக்குக் கட்டவேண்டிய காசு. அடுத்த ஓடருக்கு."

"என்ன ஓடர்?"

"நூறு பிறஷ்" என்றான் ரிஸ்கான், மிகவும் மெதுவாக.

"கட்டப்போறீங்களோ?"

அவன் மண் குழைத்த தண்ணீரில் கையை விட்டான்.

"வாப்பாட்ட பிறஷ் விசயத்தை நான்தான் சொல்லவேணும், சொல்லுவன்" என்றாள் நுஸ்ரியா. "அதோட சேத்து, அவர் தந்த கூலிக் காசை நீங்கள் குடுக்கேல்ல எண்டும் சொல்லவேணுமோ? பதினொரு மாசமா நானும் பாத்துக்கொண்டு சும்மா இருந்தனான். அதுவும் என்ர பிழைதான்."

இதைக் கணவனைப் பார்த்துச் சொல்லவில்லை, பாலசிங்கத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் சாக்கின் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

அவள் எண்ணினாள். ஐயாயிரம் தாளாக ஏழு. ஆயிரம் தாளாக மூன்று. நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த ரிஸ்கான் தலையை நிமிர்த்தினான்.

"அண்ணை, முந்நூற்றைம்பதை விட்டிட்டு வட்டமாக் கணக்கை முடிப்பமே."

"வட்டமாத்தான் தம்பி இவ்வளவு நாளும் ஓடினனான்."

நுஸ்ரியா தன் கைப்பையிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாளும் ஓர் ஐம்பதும் எடுத்து மேலே வைத்தாள். சாக்குக் கூலியென்று இன்னொரு இரண்டாயிரத்தைத் தனியாகக் கொடுத்தாள். பாலசிங்கம் அதை மற்றச் சட்டைப்பையில் வைத்தார். பழைய காசும் புதுக் காசும் கலக்கக் கூடாது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அங்கேயே நின்று நிரூபனுக்குப் போன் எடுத்தார். "தம்பி, மெசினை முசலிக்கு விடாதேங்கோ. நாளைக்கு விடியக் கொண்டு வாங்கோ. ஓம், ஓம், காசு கையில இருக்கு. பின்ன, பொய்யோ சொல்றன்?"

ரிஸ்கான் முழங்காலில் நின்றபடி நிலத்தை நாலாம் தரம் கழுவிக்கொண்டிருந்தான். பாலசிங்கம் பன்னிரண்டு நாள் குனிந்து நின்று மட்டம் பார்த்த நிலம். தண்ணீர் ஒரு மூலையிலும் தேங்காமல் வாசலுக்கு ஓடியது. நல்ல வேலை என்று பாலசிங்கம் தனக்குள் ஒத்துக்கொண்டார்.

"அண்ணை, எண்ணிப் பாத்திட்டீங்களோ?" ரிஸ்கான் நிமிராமல் கேட்டான்.

பாலசிங்கம் காசை வெளியே எடுத்து மறுபடி எண்ணினார். முதல்தரம் சரியாக இருந்தது. இரண்டாம் தரமும் சரியாக இருந்தது. மூன்றாம் தரம் தேவையில்லை, ஆனாலும் எண்ணினார். முப்பத்தெட்டாயிரத்து முந்நூற்றைம்பது.

"சரி தம்பி. உங்களுக்கும் எனக்கும் இனி ஒரு கணக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டுச் சாக்கைத் தோளில் தூக்கினார்.