இறக்கையில் ஒட்டிய நூல்

நான் தையற்காரி. அளவு எடுக்காமல் வேலை செய்பவர்களைக் கண்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும் விடமாட்டேன்.

அக்கா பஸ் ஓட்டுகிறாள். லீவு நாளில் மாதிரி விமானம் செய்வாள். மோட்டார் கிடையாது, கையால் எறிந்தால் மிதந்து போகவேண்டும். இரண்டு விமானங்கள் மூக்குக் குத்தி விழுந்து சுக்குநூறாகிவிட்டன. மூன்றாவதன் இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு, "இதுவும் விழுந்துச்சுன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன்டி" என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை அவள். அவள் வாய்விட்டுச் சிரிப்பது இந்த வேலையில் மட்டும்தான்.

இறக்கையின் குறுக்குவெட்டைக் கொடுத்தால், அதன்மேல் காற்று எப்படிப் போகும் என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்று அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"நீயே பாரு, அம்சமா இருக்கு. அப்புறம் ஏன் விழுது?"

திரையின் மூலையில் பத்து லட்சம் என்று இருந்தது.

"அது என்னக்கா?"

"ரெனால்ட்ஸ் எண். இறக்கையோட அகலம், பறக்கிற வேகம் எல்லாம் சேர்ந்த கணக்கு. இதைத் திறக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"அப்போ நீ அளவே எடுக்கலையா? ஆறடி ஆளோட சட்டையக் கைக்குழந்தைக்கு மாட்டிவிட்டு, ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு என்னைக் கேக்குறியா?"

அக்கா என் கழுத்திலிருந்த டேப்பை உருவி இறக்கையின் அகலத்தை அளந்தாள். பதினைந்து சென்டிமீட்டர். கையால் எறியும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். எண்பதாயிரம்தான் வந்தது. பத்து லட்சத்தை அழித்து அதைப் போட்டாள். இறக்கையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்த கோடு, பாதி முதுகில் கழன்று மேலே போனது.

"காத்து இறக்கைய விட்டுப் பிச்சுக்கிட்டுப் போகுதுடி" என்றாள் மெதுவாக.

கண்ணுக்கே தெரியாத காற்று எந்த இடத்தில் கைவிடும் என்று ஒரு பெட்டி காட்டுகிறது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அது கழலுற இடத்துக்கு முன்னாடியே சின்னதா ஒரு மேடு இருந்தா காத்து கொஞ்சம் கலங்கும். கலங்கினா ஒட்டிக்கிட்டே போகும்" என்றாள். முன் விளிம்பிலிருந்து நாலரை சென்டிமீட்டரில் அந்த இடத்தைத் திரையில் குறித்தாள். கோடு திரும்பி வந்து இறக்கையில் படிந்தது.

"எவ்வளவு பெரிய மேடு?"

"நூல் தடிமன் போதும்."

பட்டன் தைக்கிற நூலை நானே இழுத்துக் கொடுத்தேன். குறித்த இடத்தில், இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக ஒட்டினோம்.

மறுநாள் காலை மைதானத்தில் அக்கா எறிந்தாள். விமானம் வழக்கம்போலத் தாழ்ந்தது. தரைக்கு ஒரு முழம் மேலே அது தாழ்வதை நிறுத்தியது. விழவில்லை. அப்படியே மிதந்து, மிதந்து, மைதானத்தின் மறுகோடிப் புல்லில் வயிறு பட உட்கார்ந்தது. என் கடையில் தினமும் பெருக்கித் தள்ளுகிற நூல்தான் அதைத் தாங்கியது. என்னால் நம்பவே முடியவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த நூல்கண்டு முழுசும் எனக்கு வேணும்டி."