சில்வண்டுத் தொட்டி

விடிந்ததுமே மாலிஸுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியில் சத்தம் இல்லை.

உயரத் தூக்கிக் கட்டிய வீட்டுக்கு அடியில், அதைத் தாங்கிய கால்மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த சிமென்ட் தொட்டி. தூளியிலிருந்து இறங்கி வலையை விலக்கினாள். கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளின் மேல் சில்வண்டுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றிரண்டு மட்டும் காலை உதறின. இன்னும் நான்கு நாளில் கம்போங் தோம் நகரச் சந்தை வியாபாரி, வறுத்து விற்க அவற்றை எடுக்க வருவதாக இருந்தது.

கணவன் இறந்து ஐந்து வருடம். மகள் தையல் வேலைக்குத் தாய்லாந்து போய் மூன்று வருடம். மேலே தனியாகப் படுக்கப் பிடிக்காமல்தான், சில்வண்டுகள் கத்தத் தொடங்கிய மூன்று நாளாகத் தொட்டியோரம் தூளி கட்டியிருந்தாள். பக்கத்தில் அத்தனை உயிர் சத்தம் போட்டால் தூக்கம் வந்தது.

செய்தி கேட்டு, சில்வண்டு வளர்க்கக் கடனும் பயிற்சியும் கொடுத்த கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலர் விரக் மோட்டார் சைக்கிளில் வந்தான். பக்கத்து வீட்டு சொக்லியும் வந்தாள். அவள்தான் கடன் குழுவின் தலைவி.

விரக் தூளிக்குக் கீழே குனிந்தான். சுருள் சுருளாகச் சாம்பல் கிடந்தது.

“இது என்னக்கா?”

“கொசுவத்தி. கொசு பிச்சுப் புடுங்குது தம்பி.”

“கொசுவைக் கொல்ற புகை இதுங்களை விட்டுவைக்குமா? பயிற்சியில முதல்ல சொன்னதே அதுதானேக்கா!”

“எனக்கு யாரும் சொல்லலயே.”

அவன் பையிலிருந்து பதிவேட்டை எடுத்து விரித்தான். “இதோ, கைநாட்டு வச்சிருக்கீங்களே.”

“அன்னிக்கு நான் மரவள்ளி புடுங்கக் கூலிக்குப் போயிட்டேன்.”

“நான்தான் வச்சேன்,” என்றாள் சொக்லி விரக்கைப் பார்த்து. “இருபது பேரு இல்லாட்டி மேல கேப்பாங்கன்னு நீதானே குதிச்சே? அவ பங்கு சோத்துப் பொட்டலத்தைக்கூட மறக்காமக் கொண்டாந்து குடுத்தேன்.”

“சோறு வந்துச்சு,” என்றாள் மாலிஸ். “பாடம் வரல.”

விரக் பதிவேட்டை மூடினான். அன்று கூடத்தில் பதினேழு தலைகள்தான் இருந்தன. அவன் எண்ணியிருந்தான். எண்ணிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

“தவணையைத் தள்ளி வைக்கச் சொல்றேன்க்கா.”

“கடன் குடுக்க மூணு தடவை வீடு தேடி வந்தே. கூரையைப் பாத்தே, கோழியைக்கூட எண்ணினே. சொல்லிக்குடுக்க மட்டும் நான் வேணாம், யாரோ வச்ச கைநாட்டு போதும்னு விட்டுட்டியே தம்பி.”

அவள் குரல் உயரவில்லை. செத்தவற்றை முறத்தில் அள்ளினாள். தொட்டி மூலையிலிருந்த உமிக் கிண்ணங்களையும் கவிழ்க்கப் போனாள்.

“அதை விடுங்க!” விரக் கையை நீட்டித் தடுத்தான். “உமிக்குள்ள முட்டை இருக்கும். பொரிச்சாலும் பொரிக்கும்.”

கிண்ணங்களை வெளியே எடுத்து வைத்து, கால்சட்டையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினான். சொக்லி தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, இருவருமாகத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவி முடித்ததும் அவன் சொன்னான்:

“நாளைக்குக் காலையில வந்து எல்லாத்தையும் ஒண்ணுவிடாம சொல்லித்தரேன்க்கா. அன்னிக்கு வராத மத்த ரெண்டு பேரு வீட்டுக்கும் போவேன்.”

“பாடத்துக்கு இருபது பேரு வேணுமே. இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்?”

“நீங்க ஒருத்தரே போதும்க்கா,” என்றான் விரக். “தொழிலைச் சொல்லிக்குடுக்காம குடுக்கற கடன் உதவியே இல்ல. ஏற்கெனவே குனிஞ்சு நிக்கறவங்க முதுகுல இன்னொரு மூட்டையை ஏத்தற வேலை அது.”