முக்கால் வில்

என் கணவரை அவருடைய அண்ணன் கூப்பிடுவது முக்கால் என்று. அந்தப் பெயர் பொருந்தாது என்று வாதாட எனக்கும் வாய் வரவில்லை. எங்கள் வீட்டுப் புத்தக அலமாரிக்கு மூன்று தட்டுதான்; நான்காவதுக்கான பலகை கட்டிலடியில் கிடக்கிறது. கார் ஓட்டப் பழகப் போனவர் மூன்றாவது கியரோடு நின்றுவிட்டார். கிட்டார் வாங்கினார், தந்தி மாட்டவில்லை. ஆனால் ஆரம்பிக்கும்போது பார்க்க வேண்டும், ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

இந்த முறை வில்.

காப்பீட்டு அலுவலகத்தில் ஊரார் கார் நசுங்கிய கதையைப் பகலெல்லாம் படித்துவிட்டு வந்த மனிதர், ஒரு சாயங்காலம் போனில் வீடியோ பார்த்தார். எங்கோ பனி பெய்யும் ஊரில் தாடிக்காரர் ஒருவர் மரத்தைச் செதுக்கி வில் செய்கிறார். அவர் பேசுகிற பாஷையில் இவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. "பாஷை எதுக்கு? கையைப் பாத்தா போதாதா?" என்றார். மறுநாளே என் தையல் அறை பறிபோயிற்று.

அந்த அறையில்தான் நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். இந்த வீட்டில் வெளிச்சம் ஒழுங்காக விழுகிற ஜன்னல் அங்கேதான் இருக்கிறது. "ஒரு மாசம் மட்டும்" என்று சொல்லி, என் தையல் மெஷினைத் தூக்கி நடையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய மாதம் எப்படி நீளும் என்று தெரிந்தும் தலையாட்டித் தொலைத்தேன்.

மரம் நன்றாகத்தான் வந்தது. கடைசியில் கை சும்மா இருக்காமல், வில்லின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டார். வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தானாம். அங்கே மரத்தின் ரேகை அறுபட்டால் சிலாம்பு கிளம்பி வில் இரண்டாகப் போய்விடுமாம். வேறு ஆளாக இருந்தால் வேறு மரம் வாங்குவார். தாடிக்காரர் அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார்: மீன் தோலை உரித்து வெளிப்பக்கத்தில் ஒட்டிவிடுவது. காய்ந்ததும் அது மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மீன்கடைக்காரருக்கு இது விளங்கவே இல்லை. "தோல் மட்டும் போதுமா? அப்ப மீனை யாரு திங்கிறது?" என்றார். நாங்கள்தான் தின்றோம். உரிக்கும்போது தோல் கிழிந்தது, மறுபடியும் மீன் வந்தது. அதுவும் கிழிந்தது. மீன் என்றாலே நான் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்த பிறகுதான் இவர் கைக்கு உரிக்க வந்தது. ஒட்டியிருந்த சதையைக் கரண்டியால் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகப் பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, நான் பால் காய்ச்சும் பாத்திரத்தில் பசை காய்ச்சினார். ஒட்டிய தோல் நகராமலிருக்க, என் முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த பட்டையை வில்லைச் சுற்றிக் கட்டினார். என் முழங்காலுக்கு ஒரு நாளும் அவ்வளவு பக்குவமாகக் கட்டிவிட்டதில்லை.

சீருடை வாங்கிப்போன ஒரு பெண் திரும்பி வந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எம் பொண்ணு பின்னாடியே ரெண்டு பூனை ஸ்கூல் கேட் வரைக்கும் போகுது" என்றாள். எனக்கு மானமே போயிற்று.

அன்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு என் ரூம் வேணும்."

"இன்னும் கொஞ்சம் காயணும்."

"காஞ்சு எத்தனையோ நாளாச்சு. இழுத்துப் பாக்க வேண்டியதுதானே?"

வில்லின் உள்பக்கத்தை இழைத்து, சுவரில் மாட்டி, கயிறு கட்டி இழுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்க்கிற வேலையெல்லாம் முடிந்திருந்தது. ஆனால் முக்காலுக்கு மேல் கயிற்றை இழுக்க மாட்டார். உடைந்துவிடுமோ என்று பயம். வில்லைப் பற்றி அலுவலக நண்பர்களுக்குப் போனில் வகுப்பு எடுக்க மட்டும் ஒரு பயமும் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வர்றார்ல? அவர் முன்னாடி முழுசா இழுங்க. உடையலைன்னா ரூம் உங்களுக்கு. உடைஞ்சா எனக்கு" என்றேன். மனிதர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அண்ணன் என்றதும் ரோஷம் வந்து, சரி என்றார். நான் சனிக்கிழமையே அந்த அறை ஜன்னலுக்குத் திரைச்சீலை துவைத்துப் போட்டேன்.

அண்ணன் வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னடா முக்கால், மீன் கடை வச்சுட்டியா?"

இவர் நாண் ஏற்றினார். இழுத்தார். வழக்கமான இடம் வந்ததும் நின்றார். அண்ணனின் வாய் சிரிப்புக்குத் தயாராகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இழுங்களேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். அறை போகுமே என்கிற நினைப்பு அப்புறம்தான் வந்தது, அதற்குள் நாண் அவர் முகவாயைத் தொட்டுவிட்டது. மரம் லேசாக முனகியது, அவ்வளவுதான். மெதுவாக நாணைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கல்யாணத்தன்று கூட அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "குடு, நானும் பாக்கறேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கினார்.

"இழுத்துட்டு அப்படியே விட்டுடாதண்ணா. அம்பு இல்லாம வெறும் நாணை விட்டா, அந்த வேகம் வில்லு மேலயே திரும்பும். உடைஞ்சுடும்."

"அம்பு எங்க?"

"இனிமேதான் செய்யணும்."

"அப்ப நீ இன்னும் முக்கால்தான்" என்று சிரித்துக்கொண்டே, அண்ணன் காது வரைக்கும் இழுத்தார். தம்பி சொன்னது அந்தக் காதில் ஏறவில்லை. சிரிப்பில் அவர் விரல்கள் நாணிலிருந்து நழுவுவதை நான் பார்த்தேன். என் கணவர் அம்பு என்ற வார்த்தையிலேயே தலை குனிந்து நின்றிருந்தார்.

யார் கையில் உடைந்தால் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. உடைந்தால் எனக்கு, அவ்வளவுதான் பேச்சு. பழியும் என் மேல் வராது. ஜன்னல், வெளிச்சம் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

பாய்ந்து போய் அண்ணன் கையோடு சேர்த்து நாணைப் பிடித்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து பேசக்கூட நான் தயங்குகிற மனிதர். "விட்டீங்கன்னா பாருங்க அத்தான்" என்றேன். அவர் மிரண்டுபோனார். இரண்டு பேருமாக அந்த நாணை மெல்லத் திரும்பக் கொண்டுவந்தோம். என் விரலில் ரத்தம் கட்டிவிட்டது. கணவர் மேல் இருந்த கோபம் எனக்கு ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் இந்த மனிதர் வாழ்க்கையில் முடித்த ஒரே காரியம் அது. அதை இன்னொருத்தர் விளையாட்டாக உடைக்க விட்டுவிட மனசு வரவில்லை.

கிளம்பும்போது அண்ணன் அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "வரேன்டா" என்று மட்டும் சொன்னார். இவர் வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, என் விரலைப் பிடித்துப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"அம்புக்கு இறகு வேணும்" என்றார். "நல்ல நீளமான இறகா இருக்கணும். காய வைக்க நடையில கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

பேச்சு பேச்சுதான், அறை அவருக்கு. நடையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு படுக்கை அறையில் அவர் கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அந்த இடத்தில் என் தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டேன். மெஷினையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் எங்க படுக்கறது?" என்றார்.

"உங்க ரூம்ல" என்றேன்.