நடுவர்களுக்கு மட்டும்

உர்சுலாவுக்கு முப்பத்தாறு வயது. அதில் பன்னிரண்டு வருஷத்தைச் சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மாடியறையில் கழித்திருந்தாள். குப்பை, கழிவுநீர், கொசு என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் செய்தியெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். எழுதுவாள், அச்சாகும், மறுநாள் அதில் யாராவது பரோட்டா கட்டிக்கொண்டு போவார்கள். ஒரு அதிகாரி கூப்பிட்டுத் திட்டியது கிடையாது. திட்டுவதற்கும் முதலில் படிக்க வேண்டுமே.

அப்படியிருக்க, 1984-ல் ஆசியச் சுற்றுச்சூழல் பத்திரிகையாளர் மாநாடு சிங்கப்பூருக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு ஊர். முந்தின வருஷம் மணிலா. ஆண்டின் சிறந்த கட்டுரைக்குப் பரிசு உண்டு. எந்த மொழியில் வந்ததானாலும் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்ப வேண்டும். உர்சுலா தன் சாயக் கால்வாய்க் கட்டுரையை எடுத்தாள். சனிக்கிழமை மத்தியானம் அரசாங்கப் பரிசோதகர்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு சாயத் தொழிற்சாலை தன் கழிவுநீர் வால்வைத் திறந்துவிடுகிறது, வடக்கே கால்வாய்த் தண்ணீர் சிவப்பாகிவிடுகிறது என்பது விஷயம். தொழிற்சாலையின் பெயர் கட்டுரையில் இல்லை. சொன்னவரின் பெயரும் இல்லை.

சொன்னவர் இஞ்ஞாசி. வடக்கே மார்சிலிங்கில் குடியிருப்பவர். அந்த வால்வை எட்டு வருஷமாகத் திறந்து மூடியவரே அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து மாதா கோயில் வாசலில் நின்று, நெஞ்சு கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினார். "உங்க பேர் வெளியில வராதுண்ணே," என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

போட்டிப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: தகவல் தந்தவர் பெயர், வேலை, முகவரி. நடுவர்களுக்கு மட்டும். வேண்டாமென்றால் காலியாக விடலாம் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் ஆய்வுக்கூட அறிக்கை, புகைப்படம் என்று அடுக்குவார்கள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு மனிதர். உர்சுலா பேனாவைத் திறந்து அவரை அப்படியே எழுதினாள். பெயர், வேலை, தொழிற்சாலை, அடுக்குமாடி வீட்டின் புளோக் எண்.

திங்கட்கிழமை காலை, ஓட்டலில் மாநாட்டுப் பையை வாங்கிப் பிரித்தபோது உள்ளே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. போட்டிக்கு வந்த கட்டுரைகளையெல்லாம் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தன் பெயரை ஆங்கில அச்சில் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தைத் திருப்பினாள், திருப்பினாள், கடைசிப் பக்கத்தில் கை நின்றது. படிவத்தையும் சேர்த்தே கட்டியிருந்தார்கள். கூடத்தில் நூற்றிருபது பேர். ஆளுக்கொரு பை.

மாநாட்டுச் செயலாளர் பேரின்பநாயகம் காப்பி மேசையருகே நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலத் தினசரியில் முப்பது வருஷம் துணையாசிரியராக இருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான்.

"ஆபீஸ் பெடியள் பாக்காமல் கட்டிப்போட்டாங்கள். இப்ப நான் மைக்கில சொல்லி எல்லாப் புத்தகத்தையும் திருப்பி வாங்கலாம். ஆனா புத்தகத்தில இல்லாததுக்குப் பரிசு குடுக்க ஏலாது, உம்மட கட்டுரையைப் போட்டியில இருந்து எடுக்க வேணும். நடுவர் மூண்டு பேரும் அதுக்குத்தான் கூட மார்க் போட்டிருக்கினம் எண்டு கேள்வி."

"யாராவது படிச்சுட்டா சார்?"

"ஆர் பிள்ளை கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கினம்? எல்லாரும் பைக்குள்ள பேனா இருக்கோ எண்டுதான் பாப்பினம் லா. நீர் சொல்லும், வாங்கட்டோ?"

உர்சுலா கூடத்தைப் பார்த்தாள். உண்மைதான், எல்லோரும் பேனாவைத்தான் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷமாக அவளைக் குடைந்த ஒரு வலி அன்றைக்கு ஆறுதலாக வந்து உட்கார்ந்தது. யாரும் படிக்க மாட்டார்கள்.

"பரவாயில்லை சார். இருக்கட்டும்," என்றாள்.

புதன்கிழமை மத்தியானம், விருந்தோடு பரிசளிப்பு. முதல் பரிசு அவளுக்குத்தான். கைதட்டினார்கள். சான்றிதழை உருட்டிக் குழாயில் போட்டுக் கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கியபோது, அன்றைய விருந்துச் செலவை ஏற்ற நிறுவனத்தின் மேலாளர் எழுந்து வந்து கை கொடுத்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டையில் நிறுவனத்தின் பெயரை வாசித்ததும் உர்சுலா கையை இழுத்துக்கொண்டாள். அதே சாயத் தொழிற்சாலை.

"பிரமாதமான கட்டுரை," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். "கடைசிப் பக்கம் வரை படித்தேன்."

சிரித்த முகமாகத்தான் சொன்னார். உர்சுலா சாப்பாட்டைத் தொடவில்லை. பஸ் ஏறி மார்சிலிங் போய்ச் சேர நாலரை மணியாகிவிட்டது. வேலை நாளில் அந்த நேரத்துக்கு இஞ்ஞாசி வீட்டில் இருக்கக்கூடாது. பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தங்கச்சி. விஷயம் தெரிஞ்சு போச்சா?" என்றார். "நேத்துச் சாயங்காலம் கூப்பிட்டாங்க. லாக்கரைக் காலி பண்ணிட்டுப் போன்னுட்டாங்க. பத்தொம்பது வருஷம்." பிறகு அடுப்படியில் நின்ற மனைவியைப் பார்த்து, "பெட்டி, உர்சுலா வந்திருக்காங்க, டீ போடு," என்றார்.

"அண்ணே..."

"உங்க மேல தப்பு இல்ல. நீங்க எழுதினதை நான் எழுத்து விடாம நாலு தடவை படிச்சேன். என் பேர் எங்கயும் இல்ல. வால்வு விஷயம் தெரிஞ்ச இன்னொரு ஆள் ஒலி முகம்மதுதான். என் ஷிப்ட், பத்து வருஷப் பழக்கம், கீழ பக்கத்து புளோக். நேத்தே பேக்டரி கேட்டு வாசல்ல அத்தனை பேர் முன்னாடி அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டேன். காட்டிக் கொடுத்தவனேன்னு கத்தினேன். அவன் அழுதான்."

உர்சுலாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவளை நாலு தடவை படித்த ஒரே ஆள் எதிரே பனியனோடு உட்கார்ந்திருந்தார். பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடலாம். ஒலி முகம்மது தலையில் அது என்றைக்கும் அப்படியே கிடக்கும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே அருவருப்பாயிருந்தது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள்.

"நான்தாண்ணே எழுதிக் கொடுத்தேன். பரிசுக்கு. திங்கக்கிழமையே தடுத்திருக்கலாம். தடுக்கல."

இஞ்ஞாசிக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. தன் பெயரும் புளோக் எண்ணும் தெரிந்தன. விரலை வைத்து இரண்டு தடவை பார்த்தார். அவர் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்; திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் புத்தகத்தை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"பெட்டி, டீ வேணாம். அவங்க கிளம்பறாங்க."

சொல்லிவிட்டு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார். அவள் பின்னாலேயே வந்து லிப்டில் ஏறினார். ஏழு மாடி இறங்கும்வரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே கதவு திறந்ததும் அவளைத் தாண்டி வெளியே போனார். பஸ் நிறுத்தம் வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பி, ஒலி முகம்மது வீட்டை நோக்கி, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போய்க்கொண்டிருந்தார்.