துண்டுக்கடியில் பேசிய கால்

முனீர் அகமதுவின் வலது கால், அவருக்கு எட்டு வருஷம் முந்தியே வாணியம்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்கியது. மெசபடோமியா சண்டையில் குண்டு பட்டு, கூடாரத்து டாக்டர் முழங்காலுக்குக் கீழே அறுத்துப்போட்ட கால். பட்டாளத்துக் கால் என்று டிக்கெட் கேட்காமல் விட்டுவிட்டார்கள். சம்சாரம் முனவ்வர் பேகம் அழுது முடித்து, வெந்நீரில் கழுவி எண்ணெய் தடவி வைத்தாள். மறுவாரம் மைதானத்தில் பந்துச் சத்தம் கேட்டதும் அது கிளம்பிப் போய்விட்டது. முனீரைப்போல் ஆட ஊரில் ஆளில்லை. மீதி உடம்பின் பாரமும் போனதால் கால் இன்னும் ஜாஸ்தி கோல் போட்டது. ஆம்பூர்க்காரர்கள் ஆட்சேபித்தார்கள். ஆள் ஜாஸ்தியானால்தான் தப்பு, கம்மியானால் இல்லை என்று தோல்மண்டி மக்பூல் அகமது அவர்கள் வாயை அடைத்தார். டீம் அவருடையது.

முனீரோ கூடாரத்தோடு துருக்கிக்காரன் கையில் சிக்கியிருந்தார். சண்டை முடிந்தும் திரும்ப முடியவில்லை. சர்க்கார் கணக்கில் அவர் செத்தவர். செத்தவருக்குக் கப்பலில் இடம் கிடையாது. அங்கேயே ஆட்டுத்தோல் பதப்படுத்தி, பாஷை புரியாத ஊரில் நரைத்தார். கடைசியில் ஹாஜிகள் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கக்கத்தில் கட்டை.

நேரே மைதானத்துக்குப் போய்க் காலைக் கேட்டார்.

"இன்னா பாய், சென்டர் பார்வர்டைக் கேட்டா எப்படி? என் காலை எடுத்துக்க, அது சும்மாதான் நிக்குது" என்றான் கோல்கீப்பர் ஆதிகேசவன்.

எல்லாரும் சிரித்தார்கள். "ரெண்டு காலால நடந்து என் வீட்டுக்குள்ள போகணும்டா. அவ்ளோதான்" என்றார் முனீர்.

மண்டி வழக்கப்படி பேரம் துண்டுக்கடியில்தான். விரலைப் பிடித்தே பேச்சு. முடிந்துவிட்டால் மாற்ற முடியாது. மக்பூல் கையை நீட்டினார். முனீர் அதை ஒதுக்கிவிட்டுக் காலைக் கூப்பிட்டார். துண்டைப் போர்த்தி, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்: முழுசாக வேண்டும். கால் உதறியது. தொட்டபோதுதான் தெரிந்தது, அது சண்டைக்குப் போன வயசிலேயே நின்றிருந்தது. சூடு, துடிப்பு. தன்னோடு நிரந்தரமாக ஒட்டினால் இதுவும் கிழடாகிவிடும். பிடி தளர்ந்தது. மூன்று விரலை மட்டும் வைத்துக்கொண்டார். கால் கட்டைவிரலால் அவர் உள்ளங்கையை அழுத்தியது.

"முடிஞ்சுது. எனக்கு மழை மாசம் மூணு. மீதி அதுக்கு."

மறுநாளிலிருந்து அவர்தான் கோச்சு. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து காலைத் திட்டுவார்: "ஏய், பாஸ் குடு! நீ மட்டும்தான் ஆடறியா?" கால் கேட்காது, மற்ற பத்துப் பேர் கேட்டார்கள். ஜெயித்த கோப்பைகளில் மண்டிக்காரர்கள் தோல் ஊறவைக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் தோல் காயாது, ஆட்டமும் கிடையாது. கால் சேறும் சகதியுமாக வந்து நிற்கும். "வந்துட்டாரா ஜனாப்?" என்று முனவ்வர் பேகம் தண்ணீர் ஊற்றுவாள். தை பிறக்கும்வரை அந்த வீட்டு வாசலில் ஆண்செருப்பு ஜோடியாகக் கிடக்கும்: இடது தேய்ந்தது, வலது புதுசு.